விரலை எடுத்தால்தான் செவியில் விழும்



நடுவராக அமர்வது குருக்களுக்குப் புதிதன்று. வரப்புத் தகராறு, மாமியார் மருமகள் மனத்தாங்கல், தேர்த் திருவிழாவில் எந்தத் தெருவுக்கு முதல் மரியாதை என்னும் வழக்கு, இவையெல்லாம் ஆண்டுதோறும் பங்கு இல்லத் திண்ணைக்கு வந்து சேர்வனவே. ஆயினும் சென்ற ஐப்பசியில் நம்மிடம் வந்த வழக்கைப் போன்ற ஒன்றை நமது குருத்துவ வாழ்வில் நாம் கண்டதில்லை. வானத்தில் நடந்த ஒரு சண்டைக்கு மண்ணில் தீர்ப்புக் கேட்டு வந்திருந்தார்கள்.

வந்தவர் மூவர். ஒருவர் கொல்லிமலையில் செம்மேட்டுக்கு அருகே பிறந்து, கீழே சமவெளியில் ஒரு பொறியியற் கல்லூரியில் பயிலும் மாணவி. இன்னொருவர் வேறொரு கல்லூரி மாணவர். இருவரும் ஒரே பெஞ்சில், நடுவே ஓர் ஆள் அமரும் இடம் விட்டு அமர்ந்தனர். மூன்றாமவர் ஓய்வு பெற்ற இயற்பியல் பேராசிரியர். நாற்பது ஆண்டுகளாக அமெச்சூர் வானொலியில் ஈடுபட்டு வருபவர்.

முந்தைய ஆண்டில் நான்கு கல்லூரிகளின் வானொலி மன்றங்கள் ஒன்றுகூடி, ஒரு நாள் முழுவதும் வானலையில் ஒருவரோடொருவர் நட்புமுறையில் உரையாடுவது என ஏற்பாடு செய்திருந்தன. மிகுதியான தொடர்புகளைப் பெற்ற மன்றத்திற்கு ஒரு சிறு கோப்பை. நட்புக்காகத் தொடங்கியது பகையில் முடிந்தது. ஒரு மன்றம் பெற்றதாகக் கூறிய தொடர்புகளுள் பதினான்கை மற்றொரு மன்றம் மறுத்தது. 'பொய்க் கணக்கு' என்றனர் ஒரு சாரார். 'பொறாமை' என்றனர் மறு சாரார். ஓராண்டாகப் பேச்சுவார்த்தை இல்லை. இவ்வாண்டு மீண்டும் நடத்த வேண்டும், அதுவும் கொல்லிமலை உச்சியில் ஒரு நிலையம் அமைத்து நடத்த வேண்டும் என்பது பேராசிரியரின் ஆவல். ஆனால் பழைய கணக்குத் தீராமல் புதிய கணக்குத் தொடங்க இயலவில்லை.

"இதற்கு நாம் எதற்கு ஐயா? நமக்கு வானொலியைப் பற்றி ஒன்றும் தெரியாதே" என்றோம்.

"அதனால்தான் சாமி வந்தோம். விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார்கள்" என்றார் பேராசிரியர்.

இது என்ன கலை?

தீர்ப்புக் கூறுமுன் வழக்கின் பொருளையேனும் அறிய வேண்டுமன்றோ? அன்று மாலை முழுவதும் பேராசிரியர் நமக்குப் பாடம் நடத்தினார்.

நாம் வீட்டில் கேட்கும் வானொலி ஊருக்குப் பேசும். ஊர் அதற்கு மறுமொழி கூற இயலாது. அமெச்சூர் வானொலியோ இருவழிப் பாதை. 'ஹாம்' என்று அழைக்கப்படும் இவ்வன்பர்கள் தாமே அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் அமைத்து, அயலூராரோடும் அயல்நாட்டாரோடும் நேரே உரையாடுகின்றனர். வணிகத்துக்காகவன்று, ஊதியத்துக்காகவுமன்று. நம் நாட்டில் பன்னிரண்டு வயது நிறைந்த எவரும் மத்திய அரசு நடத்தும் தேர்வில் வென்று இவ்வுரிமத்தைப் பெறலாம். உரிமம் பெற்றவருக்கு உலகில் வேறெவருக்கும் இல்லாத ஓர் அழைப்புக்குறி அளிக்கப்படுகிறது. நம் நாட்டு அன்பர்களின் குறி பெரும்பாலும் 'வி.யு.' என்னும் எழுத்துகளில் தொடங்கும்.

கல்லூரிகளுக்கும் இக்கலைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1908-லும், ஹார்வர்டில் 1909-லும் மாணவர் மன்றங்கள் தோன்றின. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1920-ல் ஒன்று அமைந்தது. நம் நாட்டில் 1921-ல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தா என்பவர் இதனைத் தொடங்கி வைத்தார். 1958 முதல் ஆண்டுதோறும் உலகச் சாரணர்கள் வானலையில் கூடும் ஒரு பெருவிழாவும் நடந்து வருகிறது. இப்போது அது அக்டோபர் மாதத்தில் நிகழ்கிறது. அதில் புள்ளியில்லை, பரிசில்லை, பழகுவதே நோக்கம்.

குருக்களும் இத்துறையில் பின்தங்கியவர்களல்லர் என அறிந்தபோது நமக்குச் சிறிது பெருமை உண்டாயிற்று. அவுஷ்விட்ஸ் முகாமில் பிறர்க்காகத் தம் உயிரை ஈந்த புனித மாக்சிமிலியன் கோல்பே, போலந்தில் 1938-ல் தமது துறவற இல்லத்தில் வானொலி நிலையம் அமைத்தவர். நமக்கு அண்டையிலுள்ள நேபாளத்தில் 1951-ல் கோதாவரி என்னும் இடத்தில் பள்ளி நிறுவிய வண. தந்தை மார்ஷல் மோரன், சே.ச., இன்னும் சுவையானவர். '9 என் 1 எம்.எம்.' என்பது அவருடைய குறி. அந்த இரண்டு 'எம்'களையும் 'மிக்கி மவுஸ்' என்று அவர் விரித்துச் சொல்வாராம். நீண்ட காலம் நேபாளத்திலிருந்து ஒலித்த குரல் ஏறத்தாழ அவர் குரல் ஒன்றே. ஆதலின் உலகெங்குமுள்ள அன்பர்கள் அவரைப் பிடிக்கக் காத்துக் கிடந்தனர். 1992-ல் அவர் இறைவனடி சேர்ந்தார்.

இரண்டு ஏடுகள்

அமெச்சூர் நிலையம் ஒவ்வொன்றும் பதிவேடு வைத்திருத்தல் வேண்டும். எந்நேரம், எந்த அலைவரிசையில், யாரோடு பேசினோம் என்பது அதில் பதியப்படும். சண்டையிட்ட இரு மன்றங்களின் ஏடுகளையும் அருகருகே விரித்து வைக்கச் சொன்னோம். வானொலி அறியோமாயினும், திருமுழுக்கு ஏட்டையும் திருமண ஏட்டையும் கால் நூற்றாண்டாக ஒப்பிட்டுப் பார்த்துப் பழகிய கண் நமக்கு உண்டு.

பதினான்கு வழக்குகளுள் ஐந்து உடனே தீர்ந்தன. ஒரு மன்றத்தில் காலையில் அமர்ந்தவர் இந்திய நேரத்தை எழுதியிருந்தார். பிற்பகலில் அமர்ந்தவரோ உலக வழக்கப்படி கிரீனிச் நேரத்தை எழுதிவிட்டார். ஒரே தொடர்பு இரு ஏடுகளிலும் ஐந்தரை மணி நேர வேற்றுமையில் நின்றது. பேராசிரியர் தலையில் அடித்துக்கொண்டார்.

இன்னும் நான்கில் எழுத்து மாறியிருந்தது. ஆங்கிலத்தில் 'பி', 'டி', 'ஈ', 'ஜி', 'வி' என்னும் எழுத்துகளெல்லாம் இரைச்சலினூடே ஒன்றுபோலவே ஒலிக்கும். அதனால்தான் 'பிராவோ', 'டெல்ட்டா', 'எக்கோ' என ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு முழுச் சொல்லை உலகம் வகுத்து வைத்திருக்கிறது. அவசரத்தில் எவரும் அச்சொற்களைக் கூறவில்லை.

எஞ்சியவை ஐந்து. இவற்றில்தான் நோய் தெரிந்தது. ஒரு மன்றத்தின் ஏட்டில் தொடர்பு முழுமையாகப் பதிந்திருக்கிறது; மற்றதில் ஒன்றுமே இல்லை. நிகழ்ந்தது என்னவெனில், மூன்றாம் நிலையம் ஒன்றுக்கு அளிக்கப்பட்ட மறுமொழியைத் தமக்கு அளித்ததாக இவர்கள் எண்ணிக்கொண்டு, எழுதிவிட்டு, அடுத்தவரை அழைக்கச் சென்றுவிட்டனர். அந்த ஐந்துக்கும் '59' என மதிப்பு வேறு கொடுத்திருந்தனர்.

இந்த '59' என்பதைச் சற்று விளக்க வேண்டும். எதிர்நிலையத்தின் ஒலி எவ்வளவு தெளிவு என்பதற்கு ஒன்று முதல் ஐந்து வரையும், எவ்வளவு வலிமை என்பதற்கு ஒன்று முதல் ஒன்பது வரையும் எண் கொடுப்பது மரபு. ஐந்தும் ஒன்பதும் சேர்ந்தால், 'உமது குரல் கண்ணாடிபோல் தெளிவாகவும் மணிபோல் வலிமையாகவும் கேட்கிறது' என்பது பொருள். போட்டி மும்முரத்திலோ, கரகரப்பைத் தவிர வேறொன்றும் கேளாதபோதும் எல்லாரும் எல்லாருக்கும் '59' என்றே வழங்கிவிடுவார்களாம். உலகெங்கும் இதுவே வழக்கம் என்றார் பேராசிரியர்.

நமக்குச் சிரிப்பு வந்தது. திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நாம் நாள்தோறும் கேட்கும் 'சுகமா? சுகம்' என்பதும் இந்த '59' தானே? கேட்பவரும் கேட்பதில்லை, சொல்பவரும் சொல்வதில்லை.

தீர்ப்பைக் கூறினோம்: "இந்த ஏடுகளில் பொய் எழுதியவர் எவருமில்லை. ஆனால் காது கொடுத்துக் கேட்டவரும் எவருமில்லை." பெஞ்சில் நடுவே விட்டிருந்த இடம் அன்று குறையவில்லை. ஆயினும் இருவரும் ஒரே ஏட்டைக் குனிந்து பார்த்தனர். அதுவே போதுமென எண்ணினோம்.

மலைமேல் ஒரு கம்பி

அடுத்த மூன்று சனிக்கிழமைகள் திட்டமிடுவதில் கழிந்தன. இளைஞர்க்கு விழா ஏற்பாடு செய்யும் பெற்றோரும் ஆசிரியரும் அறிந்துகொள்ளத்தக்க செய்திகள் அதில் இருந்தமையால் அவற்றைச் சற்று விரித்துரைக்கிறோம்.

முதலில் இடம். கொல்லிமலை கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரமுடையது. இரண்டு மீட்டர் அலைநீளமுள்ள அலை பார்வையைப் போல நேர்கோட்டில் செல்லும். சமவெளியில் வீடும் மரமும் அதனை மறிக்கும். மலை விளிம்பில் நின்றால் சேலமும் திருச்சியும் தடையின்றி எதிரே கிடக்கின்றன. ஆனால் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் அப்பாலுள்ள சென்னையையோ நெல்லையையோ அந்த அலை எட்டாது. அதற்கு நாற்பது மீட்டர் அலையே ஏற்றது. அது மேல்நோக்கிச் சென்று, வானின் மேலடுக்கிலுள்ள மின்னூட்டப் படலத்தில் பட்டு, மழைபோல் மாநிலம் முழுவதும் இறங்கும்.

அடுத்து நேரம். அப்படலம் கதிரவனால் உருவாவது. பகலில் நாற்பது மீட்டர் அலை அண்டை மாவட்டங்களை நன்கு இணைக்கும். அந்தி சாய்ந்தபின் அதே அலை அண்டையூரைத் தாண்டிக் குதித்துத் தொலைநாட்டில் விழும்; பக்கத்துக் கல்லூரி மறைந்து பிறநாட்டார் குரல் கேட்கும். எனவே காலை ஒன்பது முதல் பிற்பகல் மூன்று வரை என வகுத்தனர். மாதம் தை. ஐப்பசி கார்த்திகையில் மழை, சித்திரையில் இடி. இடியுள்ள நாளில் உயரத்தில் கம்பி கட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். மேலும் தையில் கல்லூரித் தேர்வுகள் இரா.

ஏரியல் என்பது பெரிய பொருளன்று. மொத்தம் இருபது மீட்டர் செம்புக் கம்பி, நடுவில் பிரித்து, பக்கத்துக்குப் பத்து மீட்டராக இழுத்துக் கட்டப்படுகிறது. மலையில் மிளகுக் கொடி படர வளர்க்கும் சில்வர் ஓக் மரங்கள் இதற்கெனவே நிற்பனபோல் நெடிது நிற்கின்றன. மின்வாரியக் கம்பி அருகில் இல்லாத இடமாகப் பார்த்து, நமது சிற்றாலயத்தின் பின்புறத்தைத் தேர்ந்தனர். மின்சாரத்துக்குக் காரில் உள்ளது போன்ற 12 வோல்ட் பேட்டரி ஒன்று. காரவல்லியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அதனை மேலேற்றும் பொறுப்பு இரு கல்லூரிக்கும் பொதுவாக விடப்பட்டது. ஓர் இளைஞர் முப்பதாம் வளைவிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி ஓரமாக ஓடினார் என்பதையும், எதிரணி மாணவரே அவருக்குத் தண்ணீர் கொடுத்தார் என்பதையும் பின்னர் அறிந்தோம்.

சட்டம் முக்கியம். உரிமம் பெற்றவர் மட்டுமே கருவியை இயக்கலாம். உரிமத்தில் குறித்த இடத்தை விட்டு வேறிடத்திலிருந்து இயக்குவதாயின் அதற்குரிய முறைகளை முன்னதாகவே முடித்தல் வேண்டும். வணிகச் செய்தி, விளம்பரம், இசை ஆகியவற்றுக்கு அமெச்சூர் அலைவரிசையில் இடமில்லை. அரசியலும் சமய விவாதமும் பேசுவதில்லை என்பது அன்பர்களின் மரபு.

இங்கே நமக்கு ஒரு சிறு ஏமாற்றம். தொடக்கத்தில் சிறுவர் குழுவினரைக் கொண்டு ஒரு பாடல் பாடச் செய்து, இரண்டு நிமிடம் ஆசியுரை வழங்கலாம் என மனத்துள் குறித்து வைத்திருந்தோம். பேராசிரியர் மிகப் பணிவோடு, "பாடலும் கூடாது சாமி, ஆசியுரையும் கூடாது. தங்களுக்கு உரிமம் இல்லாததால் மைக்கைத் தொடவும் கூடாது. ஆனால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்டுக்கொண்டிருக்கலாம்" என்றார். வாரந்தோறும் மேடையில் நின்று பேசுபவர்க்கு இதைவிடத் தக்க தவமுயற்சி வேறில்லை.

இறுதியாகப் போட்டி விதிகள். இதில்தான் இளைஞர் மிகுதியாக வாதிட்டனர். கோப்பையே வேண்டாம் என்றார் மாணவி. கோப்பை இன்றேல் எவரும் வரார் என்றார் மாணவர். முடிவில் இவ்வாறு அமைந்தது:

பேசுபவர் ஒவ்வொருவரும் தம் பெயரையும் தம் சொந்த ஊரின் பெயரையும், அவ்வாரம் தம்மூர் வயலிலோ தோட்டத்திலோ உள்ள ஒரு பயிரின் பெயரையும் கூறுதல் வேண்டும். கேட்டவர் அதனைத் திருப்பிச் சொல்லுதல் வேண்டும். இரு ஏட்டிலும் ஒன்றுபோல் பதிந்திருந்தால் இரு மன்றத்துக்கும் ஒவ்வொரு புள்ளி. ஒத்துவராவிடில் இருவருக்குமே இல்லை. அதாவது எதிரியைத் தோற்கடித்து எவரும் வெல்ல இயலாது. மதிப்பெண்ணை உள்ளது உள்ளபடி கொடுக்க வேண்டும். '59' என்று வாய்க்கு வந்தபடி கூறலாகாது. எல்லாரும் கிரீனிச் நேரமே எழுத வேண்டும். அழைக்குமுன் அந்த அலைவரிசையில் வேறெவரேனும் பேசுகின்றனரா எனக் கேட்டறிதல் வேண்டும். வலிய நிலையம் தேவைக்கு மேற்பட்ட வலிமையைப் பயன்படுத்தலாகாது. பரிசு கோப்பையன்று, ஒரு தார் கொல்லிமலை வாழை. வென்றவர் அதைத் தோற்றவர்க்கும் பகிர்ந்தாக வேண்டும்.

கடைசி விதியைப் பேராசிரியர் தாமே எழுதினார்: ஒவ்வொருவரும் பேசி முடித்தபின், அடுத்தவர் பேசத் தொடங்குமுன், மூன்று விநாடி மௌனம்.

மூன்று விநாடி எதற்கு?

இதனை விளங்கிக்கொள்ள அக்கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். மைக்கில் ஒரு விசை இருக்கிறது. அதனை அழுத்தினால் பேசலாம். ஆனால் அழுத்தியிருக்கும்வரை எதுவும் காதில் விழாது. விரலை எடுத்தால்தான் கேட்கும். 'ஓவர்' என்று சொல்லி விரலை எடுத்ததும் எதிரிலிருப்பவர் உடனே தம் விசையை அழுத்திவிட்டால், இடையில் வேறு எவரும் நுழைய வழியில்லை. அந்த எவரோ ஒருவர் விபத்தில் சிக்கியவராக இருக்கலாம். குரல் நலிந்தவராக இருக்கலாம். அவருக்காகவே பழுத்த அன்பர்கள் அந்தச் சிறு இடைவெளியை விட்டுப் பேசுகின்றனர்.

"இக்காலத்தில் எல்லார் சட்டைப் பையிலும் தொலைபேசி இருக்கிறதே, இந்தக் கம்பி வேலை எதற்கு?" என்று நம் பங்குப் பேரவையில் ஒரு பெரியவர் வினவினார். நியாயமான வினாவே. செல்பேசி வேலை செய்ய எங்கோ ஒரு கோபுரம் நிற்க வேண்டும். அதற்கு மின்சாரம் வர வேண்டும். அதனைப் பிற கோபுரங்களோடு பிணைக்கும் இணைப்பு அறாதிருக்க வேண்டும். புயலும் மண்சரிவும் இவற்றையே முதலில் வீழ்த்துகின்றன. மலைவாழ் மக்கள் இதனைச் சொல்லாமலே அறிவர். பேட்டரியும் இருபது மீட்டர் கம்பியும் உள்ளவருக்கோ இடையில் எவர் தயவும் தேவையில்லை.

2004-ஆம் ஆண்டு டிசம்பரில் நிகழ்ந்ததை நினைவூட்டினோம். ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்னும் அம்மையார் தம் குழுவினரோடு அந்தமானுக்குச் சென்றிருந்தார். சென்றது எந்தப் பேரிடர்ப் பணிக்குமன்று. பல்லாண்டுகளாக அமெச்சூர் குரல் கேளாதிருந்த அத்தீவிலிருந்து உலக அன்பர்களோடு உரையாடி மகிழ்வதற்கே. நம் கல்லூரி இளைஞர் திட்டமிட்டது போன்ற ஒரு நட்பு விளையாட்டுத்தான் அதுவும். டிசம்பர் 26-ஆம் நாள் காலையில் நிலம் அதிர்ந்தது, கடல் பொங்கியது. தொலைபேசிகள் ஊமையாயின. விளையாட்டுக்கெனக் கொண்டுபோன அதே கருவியை அம்மையார் போர்ட் பிளேரில் மீண்டும் இயக்கி, தாய்நாட்டு அன்பர்களோடு தொடர்பு கொண்டார். தீவில் இருந்தவர் நலமாயுள்ளனரா என ஏங்கிய குடும்பங்களுக்கு அவ்வழியே செய்தி சென்றது. பின்னர் கார் நிக்கோபாரிலும் அமெச்சூர் நிலையம் இயங்கியது.

நேயர்களே, அந்நாளில் திடீரென எவரும் கேட்கக் கற்றுக்கொள்ளவில்லை. இரைச்சலினூடே ஒரு பெயரைப் பிடிப்பதும், பிடித்ததைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பதும், நலிந்த குரலுக்கு வழி விடுவதும் விளையாட்டாகப் பல்லாண்டு பழகியவை. இன்பக் காலத்தில் பழகாத செவி துன்பக் காலத்தில் திறவாது. நட்புப் போட்டியொன்றை ஒழுங்காக நடத்த வேண்டும் என நாம் இவ்வளவு வற்புறுத்துவது இதனாலேயே. 'பத்து, இருபது, முப்பது' என எண்ணிக்கையை மட்டும் துரத்தப் பழகிய இளைஞர், வெள்ள நாளில் எண்ணிக்கையையே துரத்துவர். ஓர் ஊர்ப் பெயரைச் சரியாகக் கேட்டு எழுதப் பழகியவரோ, அன்று ஓர் உயிரைச் சரியாகக் கேட்டு எழுதுவர்.

ஒத்திகை நாள்

மார்கழியில் ஒரு சனிக்கிழமை ஒத்திகை நடந்தது. பனி விலகுமுன்னரே கம்பி ஏறிவிட்டது. அயல் வீட்டு மூதாட்டி ஒருவர் சுக்குக் காபி கொண்டுவந்து, "இதில் யார் பேசுறாங்க சாமி?" என்று கேட்டார். "யார் வேண்டுமானாலும் பேசலாம் பாட்டி, நாம் மட்டும் பேசக் கூடாது" என்றோம்.

நமக்கும் ஒரு ஹெட்போன் கொடுத்தார்கள். முதல் அரைமணி நேரம் எண்ணெய்ச் சட்டியில் கடுகு தாளிப்பது போன்ற ஓசையன்றி வேறொன்றும் நமக்குப் புலப்படவில்லை. மெல்ல மெல்ல அதனுள் குரல்கள் பிரிந்து தெரியலாயின. சென்னையிலிருந்து ஒருவர் தம் பாட்டனாரின் ஊரையும் அங்கே விளையும் நிலக்கடலையையும் சொன்னார். மதுரையிலிருந்து ஒருவர் மல்லிகையைச் சொன்னார். நம் மாணவி, "செம்மேடு, பயிர் மிளகு" என்றார். கேட்டவர் "மிளகாய்" என எழுத, திருத்தப்பட்டது.

எதிரணிக் கல்லூரியின் நிலையம் மட்டும் வரவில்லை. அவர்களுடைய பெரிய கருவி காலையிலேயே பழுதாகிவிட்டது என்பது பின்னர்தான் தெரிந்தது. பத்தரை மணியளவில், இருவர் உரையாடலுக்கு இடையே விட்ட அந்த மூன்று விநாடி மௌனத்தில், நம் மாணவி சட்டெனக் கையை உயர்த்தினார். நமக்கு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இடைவெளியில் மீண்டும் காதைப் பொத்திக்கொண்டு குனிந்தார். மூன்றாம் முறை நமக்கும் கேட்டது: கொசுவின் சிறகொலி போன்ற ஒரு குரல், ஓர் அழைப்புக்குறியின் கடைசி இரண்டு எழுத்துகள்.

ஓராண்டாகப் பேசாதிருந்த அதே மாணவரின் குரல் அது. 5 வாட் வலிமையுள்ள சிறு கருவியைக் கொண்டு காலையிலிருந்தே அழைத்துக்கொண்டிருந்தாராம். வலிய நிலையங்களின் பேச்சில் அவர் குரல் அமிழ்ந்து போயிற்று. மாணவி மற்றவர்களை நிறுத்திவைத்து, அவர் குறியை உரக்கச் சொல்லி, "உங்கள் மதிப்பு 31; ஆனாலும் கேட்கிறது, சொல்லுங்கள்" என்றார். '31' என்றால் தெளிவு பாதி, வலிமை அடிமட்டம். அவர் சொன்ன ஊர்ப் பெயரை நான்கு முறை திருப்பிச் சொல்லச் செய்து எழுதினார். பயிர் மரவள்ளிக் கிழங்கு. எழுதியபின், அவர் குரல் எட்டாத சென்னைக்கும் மதுரைக்கும் அவர் சொன்னதைத் தாமே எடுத்துரைத்தார்.

பிற்பகலில் கருவிகளைக் கட்டும்போது நாம் மாணவியிடம், "59 என்று சொல்லியிருந்தால் தம்பி மகிழ்ந்திருப்பாரே, அம்மா?" என்று கேட்டோம். "இல்லை சாமி, 31 என்றதால்தான் நான் உண்மையிலேயே கேட்டேன் என்று நம்பினார்" என்றார்.

இந்த மறுமொழியைச் சொல்லவே இம்மாதம் இவ்வளவு நீட்டி எழுதினோம். நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். கணவர் விசையை அழுத்தியபடியே பேசுகிறார். மனைவியும் அழுத்தியபடியே பேசுகிறார். தொலைக்காட்சி தன் பங்குக்குப் பேசுகிறது. மூலையில் ஒரு பிள்ளை, அல்லது ஒரு முதியவர், 5 வாட் குரலில் காலையிலிருந்து அழைத்துக்கொண்டிருக்கலாம். நாமோ எல்லாருக்கும் '59' வழங்கிவிட்டு அடுத்த வேலைக்குச் சென்றுவிடுகிறோம். இரவு உணவு வேளையில் மூன்று விநாடி விட்டுப் பாருங்கள். யார் குரல் கேட்கும் என்பதை நாம் முன்கூட்டிச் சொல்ல இயலாது.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி, ஒரே அம்பை யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தினூடே செலுத்தினான் எனப் புறநானூறு கூறும். மலைமக்கள் இன்றும் ஆடி மாதத்தில் அவனுக்கு விழா எடுக்கின்றனர். அவன் அம்பு மிகத் தொலைவு சென்றிருக்கும். ஆனால் மறுமொழியோடு திரும்பி வந்ததில்லை. நம் இளைஞர் எய்யும் அலையோ மறுமொழிக்காகவே செல்கிறது.

தை மாதத்து இரண்டாம் சனிக்கிழமை விழா. வாழைத்தார் இப்போதே பேசி வைத்தாயிற்று. நாமும் அங்கிருப்போம், மைக்கைத் தொடாமல். உரிமத் தேர்வுக்குரிய நூலொன்றைப் பேராசிரியர் நம்மிடம் விட்டுச் சென்றிருக்கிறார். பேசுவதற்கன்று எனினும், வாழ்த்தைக் குறிக்க அன்பர்கள் வழங்கும் எண் '73' என்பதை முதற் பக்கங்களிலேயே கற்றுக்கொண்டோம்.

உங்கள் எல்லாருக்கும் 73.